பறவைப் படம் ஏன் சரியாக வரவில்லை? குறையைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

பறவைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எந்த செட்டிங் வைக்க வேண்டும்?" என்றுதான். எல்லாப் பறவைக்கும் எல்லா வெளிச்சத்துக்கும் பொருந்தும் செட்டிங் கிடையாது. ஆனால் கெட்டுப்போன ஒவ்வொரு படமும் தான் எப்படிக் கெட்டது என்பதைத் தன்னிடமே வைத்திருக்கிறது. அதை அழிப்பதற்கு முன் இரண்டு நிமிடம் உட்கார்ந்து பார்த்தால், அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரிந்துவிடும்.

படத்தைக் கணினியில் 100 சதவீத அளவில் திறந்துகொள்ளுங்கள். கேமராவின் சிறிய திரையை நம்ப வேண்டாம், அதில் எல்லாமே கூர்மையாகத்தான் தெரியும். முதலில் பறவையின் கண்ணைப் பாருங்கள். அப்புறம் அது பிடித்திருக்கும் கிளை, கிளைக்கு முன்னும் பின்னும் உள்ள இலைகள். ஷட்டர் வேகம் (சென்சாரில் ஒளி விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு, எஃப் எண்ணில் வரும், எண் கூடினால் திறப்பு சிறிது), ஐ.எஸ்.ஓ. (பதிவான வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் அளவு) விவரங்களும் பக்கத்தில் தெரியட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது நல்லது. மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும்.

படம் முழுக்க ஒரே திசையில் இழுபட்டிருக்கிறது

இலைமேல் இருக்கும் வெளிச்சப் புள்ளிகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சிறு கோடுகளாக நீண்டிருந்தால், ஆடியது கேமரா. பழைய கணக்கு இன்னும் உதவும்: லென்ஸ் எத்தனை மில்லிமீட்டரோ, ஷட்டர் வேகம் நொடியில் அத்தனையில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். 500 மி.மீ. லென்ஸை 1.5 மடங்கு க்ராப் உள்ள, அதாவது முழு அளவைவிடச் சிறிய சென்சார் கொண்ட, கேமராவில் மாட்டினால் கணக்கு 750 ஆகிறது. அதனால் 1/750க்குக் கீழே இறங்கினால் ஆபத்து. லென்ஸிலோ கேமராவிலோ அசைவு தடுப்பு இருந்தால் இதைவிடக் குறைந்த வேகத்திலும் தப்பிக்கலாம்.

பிடிக்கும் விதத்தையும் கவனியுங்கள். இடது கை லென்ஸின் அடியில், முடிந்தவரை முன்னால் இருக்கட்டும். முழங்கைகள் விலாவோடு ஒட்டட்டும். பொத்தானை வெடுக்கென்று அழுத்தாமல் மெதுவாக அமுக்குங்கள். ட்ரைபாடில் வைத்தும் படம் ஆடினால் நடுத்தண்டை ஏற்றி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ஏற்றியிருந்தால் இறக்கிவிட்டு, கால்களை விரித்து வையுங்கள். பழைய லென்ஸ்கள் சிலவற்றில், ட்ரைபாடில் இருக்கும்போது அசைவு தடுப்பே அசைவை உண்டாக்கும். அங்கே அதை அணைத்துவிட வேண்டும்.

கிளை கூர்மையாக இருக்கிறது, பறவை மட்டும் கலங்கியிருக்கிறது

இங்கே அசைந்தது பறவை. அசைவு தடுப்பு இதற்கு ஒரு உதவியும் செய்யாது, அது உங்கள் கை நடுக்கத்தை மட்டுமே சமாளிக்கும். சிறு குருவிகள் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தாலும் தலையை விடாமல் வெட்டி வெட்டித் திருப்பிக்கொண்டே இருக்கும். அவற்றுக்கு 1/800, 1/1000 தேவைப்படும். நின்று காத்திருக்கும் கொக்குக்கு 1/250 கூடப் போதும். பறக்கும்போது கணக்கு வேறு: பருந்து, நாரை போன்ற பெரியவற்றுக்கு 1/1600, வேகமான சிறியவற்றுக்கு 1/2500 முதல் 1/3200, பூ முன்னால் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டுக்கு 1/4000.

வெளிச்சம் போதாமல் அவ்வளவு வேகம் வைக்க முடியவில்லை என்றால், பறவை ஓயும் கணத்துக்குக் காத்திருங்கள். சிறகைக் கோதி முடித்துத் தலையைத் தூக்கும்போது, ஏதோ சத்தத்தைக் கூர்ந்து கேட்கும்போது ஒரு சிறு நிறுத்தம் வரும். அந்த நேரத்தில் ஐந்தாறு ஃப்ரேம் தொடர்ச்சியாக எடுத்தால், 1/200இல் கூட ஒன்று நன்றாக வந்துவிடும். கண் கூர்மையாக இருந்து சிறகு நுனி மட்டும் கலங்கியிருக்கும் படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். பறத்தல் என்பதே அங்கேதான் தெரிகிறது, எனக்கு அத்தகைய படங்களே அதிகம் பிடிக்கும்.

பறவை மங்கல், பின்னால் இருக்கும் இலை கூர்மை

ஃபோகஸ் தவறிவிட்டது. கேமராவுக்குப் பெரிய பரப்பைக் கொடுத்தால், அதில் எது துலக்கமாகத் தெரிகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளும். புதருக்குள் இருக்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, அதைக் கண்மேல் வையுங்கள், முடியாவிட்டால் கழுத்தின்மேல். பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே மாறும் தொடர் ஃபோகஸ் முறையிலேயே எப்போதும் இருங்கள். உட்கார்ந்திருக்கும் பறவைகூட முன்னும் பின்னும் சாய்கிறது, காற்றில் கிளையும் ஆடுகிறது. 2020க்குப் பிறகு வந்த மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் பலவற்றில் பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் வசதி உண்டு. திறந்த வெளியில் அது மிக நன்றாக வேலை செய்கிறது. இலைக்கூட்டத்துக்குள் அதை மட்டுமே நம்பாமல், ஒற்றைப் புள்ளிக்கு மாறும் வேலையை ஒரு பொத்தானுக்குக் கொடுத்து வையுங்கள்.

கூர்மையாக இருக்கும் ஆழம் எவ்வளவு குறைவு என்பதையும் மனதில் வைக்க வேண்டும். முழு அளவு சென்சாரில், 500 மி.மீ. லென்ஸில், எஃப் 5.6 வைத்து 5 மீட்டரில் உள்ள பறவையை எடுத்தால் கூர்மை கிடைப்பது ஏறக்குறைய 3 செ.மீ. மட்டும். அதே பறவை 10 மீட்டரில் இருந்தால் அது 13 செ.மீ. ஆகிறது. "கண் கூர்மை, வால் மங்கல்" என்ற குறைக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். எஃப் 8க்குப் போகலாம். அதைவிட நல்லது, பறவை உடலைப் பக்கவாட்டில் திருப்பும் வரை பொறுத்திருப்பது. அப்போது அலகு முதல் வால் வரை ஏறக்குறைய ஒரே தூரத்தில் வந்துவிடும்.

எந்தப் பறவையை எடுத்தாலும் எப்போதும் சற்றுப் பின்னால், அல்லது எப்போதும் சற்று முன்னால் மட்டுமே கூர்மை விழுகிறதா? டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே கண்ணாடி உள்ள) கேமராவில் இது லென்ஸும் ஃபோகஸ் அமைப்பும் ஒத்துப்போகாததால் வரும். அச்சடித்த தாள் ஒன்றைச் சாய்வாக வைத்து, கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, நீங்கள் வழக்கமாகப் பறவை எடுக்கும் தூரத்தில் சோதித்துப் பாருங்கள். பல கேமராக்களில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாக நுண்திருத்தம் செய்துகொள்ளும் மெனு இருக்கும். மிரர்லெஸ் கேமரா சென்சாரிலேயே ஃபோகஸை அளப்பதால் அதில் இந்தச் சிக்கல் அபூர்வம்.

ஃபோகஸ் எதையும் பிடிக்காமல் முன்னும் பின்னும் அலைகிறது

முதலில் தூரத்தைப் பாருங்கள். நீண்ட டெலி லென்ஸ்கள் பலவும் இரண்டு மூன்று மீட்டருக்குள் இருப்பதைப் பிடிக்காது. பறவை அவ்வளவு கிட்டே வந்துவிட்டால், ஆடாமல் இருந்து கண்ணால் பார்ப்பதுதான் வழி. தூரத்துப் பறவைக்கு லென்ஸ் அலைந்தால், அதன் பக்கத்தில் இருக்கும் ஃபோகஸ் எல்லை ஸ்விட்சைத் தூரத்துக்கு மட்டும் என்று தள்ளுங்கள், அலைச்சல் பாதியாகக் குறையும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் வைத்து உருவத்தைப் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் மாட்டியிருக்கிறீர்களா? 1.4 மடங்கு கன்வெர்ட்டர் ஒரு ஸ்டாப் (அதாவது பாதி) வெளிச்சத்தையும், 2 மடங்கு கன்வெர்ட்டர் இரண்டு ஸ்டாப் (முக்கால்வாசி) வெளிச்சத்தையும் தின்றுவிடும். எஃப் 6.3 லென்ஸ் 1.4 மடங்கில் எஃப் 9 ஆகிறது. டி.எஸ்.எல்.ஆர். பலவும் எஃப் 8க்கு மேல் தடுமாறும், சில எஃப் 5.6 தாண்டினாலே தடுமாறும்.

எதிலுமே கூர்மை இல்லை, ஓரங்கள் நெளிகின்றன

நல்ல லென்ஸ், நல்ல வேகம், ஃபோகஸும் சரி. இருந்தும் சேறு பூசியதுபோல் படம் வருகிறதென்றால் கானலைச் சந்தேகியுங்கள். புதியவர்கள் லென்ஸைக் குறை சொல்லி விற்றுவிடுவதற்கு இதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சூடான தரையிலிருந்தோ தண்ணீரிலிருந்தோ எழும் காற்றும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் வெளிச்சம் வளைந்து வளைந்து வருகிறது. கண்டுபிடிப்பது எளிது: தொடர்ச்சியாக எடுத்த பத்துப் படங்களை வேகமாக மாற்றி மாற்றிப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பறவையின் உருவரை சற்று வேறு மாதிரி இருந்தால், கானல்தான்.

ஷட்டர் வேகத்தைக் கூட்டினாலும் இது போகாது. விலை உயர்ந்த லென்ஸ் வாங்கினாலும் போகாது, நீளமான லென்ஸ் கானலையும் சேர்த்துப் பெரிதாக்கித்தான் காட்டும். தூரத்தைக் குறைப்பது ஒரு வழி, நேரத்தை மாற்றுவது இன்னொரு வழி. சூரியன் எழுந்து தரை சூடாவதற்கு முன், அல்லது மேகம் மூடிய நாளில் போங்கள். குளிர்காலம் என்றால் கானல் இருக்காது என்று எண்ண வேண்டாம். குளிர்ந்த காற்றுக்குக் கீழே வெயில்பட்ட தரை இருந்தால் போதும். காருக்குள் இருந்து எடுக்கும்போது, உள்ளே இருக்கும் வெப்பக் காற்று ஜன்னல் வழியே வெளியேறும்போதே கானல் உண்டாகிவிடும். எஞ்சினை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, சிறிது நேரம் பொறுத்து எடுங்கள். சூடான முன்பக்க மூடியின் மேலாக லென்ஸை நீட்டவே கூடாது. கேமராவின் பின்திரையில், லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்க்கும்போதே ஓரங்கள் ஆடினால், அன்றைக்குத் தூரத்துப் பறவைகளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டு, கிட்டே வருபவற்றை மட்டும் எடுங்கள்.

கானலும் இல்லை என்றால் லென்ஸின் முன்னால் பாருங்கள். மலிவான பாதுகாப்பு ஃபில்டர் நீண்ட லென்ஸில் கூர்மையைக் கெடுப்பதோடு, பின்னணிக் கிளைகளை இரட்டைக் கோடுகளாகவும் ஆக்கும். அதைக் கழற்றிவிட்டு அதே காட்சியை மறுபடி எடுத்து ஒப்பிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பறக்கும் பறவை ஃப்ரேமுக்குள்ளேயே வருவதில்லை

வியூஃபைண்டருக்குள் பறவையைத் தேடாதீர்கள். கண்ணைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஜூம் லென்ஸ் என்றால் அகலமாக வைத்துப் பிடித்த பிறகு நெருங்குங்கள். அதற்கு முன்பே, பறவை வரப்போகும் தூரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு மரத்தில் ஃபோகஸ் செய்து வைத்திருந்தால் லென்ஸ் வெகுதூரம் ஓட வேண்டியிருக்காது. ஃபோகஸ் பரப்பை இங்கே பெரிதாக வையுங்கள், பின்னணி வெறும் வானமாக இருக்கும்வரை அது தவறாது. இடுப்பிலிருந்து திரும்புங்கள், கைகளை மட்டும் வீச வேண்டாம்.

பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்றால், பறவை உங்களை நோக்கி, முகத்தில் ஒளியோடு வரும். என் அனுபவத்தில், எந்த செட்டிங்கையும்விட இந்த ஒரு விஷயம்தான் பறக்கும் படங்களின் தரத்தைக் கூட்டியது. பழகுவதற்குக் கொக்கும் பருந்தும் நல்லவை. சட்டென்று திசை மாறி வேகமாகப் பறக்கும் தகைவிலானைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சிறகு நுனி வெட்டுப்பட்டால் ஜூமைக் குறையுங்கள், பிறகு க்ராப் செய்துகொள்ளலாம். சிறகுகள் ரப்பர்போல் வளைந்து விசித்திரமாகத் தெரிந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரைப் பாருங்கள். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதற்குள் சிறகு நகர்ந்துவிடுவதால் அப்படி ஆகிறது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் சரியாகும்.

கொக்கு வெறும் வெள்ளைத் தாள், காகம் வெறும் நிழல்

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். இருண்ட பின்னணியில் சிறியதாக வெள்ளைக் கொக்கு இருந்தால், மீட்டர் இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும், கொக்கின் இறகு விவரமெல்லாம் அழிந்துவிடும். அங்கே படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 பக்கம் தள்ளுங்கள். வெளிர் வானத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கரிச்சானுக்கு நேர்மாறாக +1 முதல் +2 வரை வேண்டும். வெளிச்சம் மிஞ்சிய இடங்கள் திரையில் சிமிட்டும் எச்சரிக்கையை எப்போதும் இயக்கி வைத்திருங்கள். வானம் சிமிட்டினால் பரவாயில்லை, பறவை சிமிட்டக் கூடாது.

நல்ல வெயிலில் மீட்டரே தேவையில்லை. ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 8, 1/1600 என்பது வெயில்பட்ட சாதாரணப் பறவைக்குச் சரியாக இருக்கும், வெள்ளைப் பறவைக்கு 1/3200. இதை மேனுவலில் பூட்டி வைத்துவிட்டால், பறவை வானத்திலிருந்து மரத்தின் முன்னால் வந்தாலும் அதன்மேல் விழும் வெளிச்சம் அதேதான், படம் மாறாது. மேகம் வந்து வந்து போகும் நாளில் மட்டும் ஷட்டர் வேகத்தையும் அபெர்ச்சரையும் பூட்டிவிட்டு ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடுங்கள். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலாக எடுப்பது இரண்டு நிலையிலும் கைகொடுக்கும்.

தேன்சிட்டின் கழுத்து கறுப்பாக வருகிறது

இதில் கேமராவின் தவறு எதுவும் இல்லை. தேன்சிட்டின் கழுத்து, மயிலின் தோகை, மாடப்புறாவின் கழுத்து இவற்றில் பளபளக்கும் நிறம் சாயத்தால் மட்டும் வருவதில்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் வருகிறது. கோணம் மாறினால் நிறமும் போய்விடும். கணினியில் எவ்வளவு இழுத்தாலும் அந்த ஊதா வராது, ஏனென்றால் அது படத்தில் பதிவாகவே இல்லை. வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, பறவை உங்கள் பக்கம் திரும்பும் நொடிக்குக் காத்திருங்கள். தலையை ஒரு சிறிது சாய்த்தாலே கறுப்பு ஊதாவாகப் பற்றிக்கொள்ளும். இதற்கு நிறைய ஃப்ரேம்களைச் செலவிடலாம், தகும்.

புள்ளி புள்ளியாக இருக்கிறது

உயர்ந்த ஐ.எஸ்.ஓ.வைக் கண்டு பயந்து படத்தை இருட்டாக எடுத்து, அப்புறம் கணினியில் வெளிச்சம் கூட்டுகிறவர்களுக்குத்தான் நாய்ஸ் என்னும் இந்தப் புள்ளிகள் அதிகம் தெரிகின்றன. ஐ.எஸ்.ஓ. 3200இல் சரியான வெளிச்சத்தோடு எடுத்த படம், 800இல் எடுத்து இரண்டு ஸ்டாப் தூக்கிய படத்தைவிடப் பொதுவாக மோசமாக இருக்காது. சில கேமராக்களில் அதைவிட நன்றாகவே இருக்கும். அடுத்த காரணம் க்ராப். அகலத்தையும் உயரத்தையும் பாதியாக வெட்டினால் 24 மெகாபிக்சல் படத்தில் மிஞ்சுவது 6. நாய்ஸ் நீக்கும் புது மென்பொருள்கள் நன்றாக இருக்கின்றன. ஆனால் அளவுக்கு மீறினால் இல்லாத இறகு வரிகளை அவையே வரைந்துவிடும், அது பறவையைப் பற்றிய பொய்.

எல்லாம் சரி, ஆனால் படத்தில் உயிர் இல்லை

கண்ணில் ஒளிப்புள்ளி இருக்கிறதா? இல்லை என்றால் கண் கரிய துளைபோல் கிடக்கும். தலை வெளிச்சத்தின் பக்கம் சற்றுத் திரும்பினால் போதும். அடுத்து உயரம். தரையில் மேயும் உள்ளானை நின்றுகொண்டு எடுத்தால், முதுகும் சேறும்தான் படம். வயிற்றின்மேல் படுத்து லென்ஸைத் தரையோடு வைத்தால், பின்னணி வெகுதூரம் தள்ளிப்போய்க் கரைந்துவிடும், பறவையின் பார்வை நம் பார்வைக்கு நேராக வரும். துணி சேறாகும், அதற்குத் தயாராகப் போங்கள். மரத்துப் பறவை என்றால், தலைக்குப் பின்னால் குறுக்கே ஓடும் கிளையைத் தவிர்க்க ஓரடி இடமோ வலமோ நகர்ந்தாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

கேமராவைத் தூக்கியதும் பறந்துவிடுகிறது

நேராக நடந்து போகிறீர்கள், அதனால்தான். பறவைக்கு நேர்க்கோட்டில் வருவது வேட்டைவிலங்கு. சாய்வாக, நின்று நின்று, அதையே உற்றுப் பார்க்காமல் போங்கள். மேய்வதை நிறுத்தித் தலை தூக்கியது, கழுத்தை நீட்டியது, எச்சமிட்டது, காற்றின் பக்கம் திரும்பியது: இவை பறக்கப்போகும் அடையாளங்கள். முதல் அடையாளத்திலேயே நின்றுவிடுங்கள். மறுபடி மேயத் தொடங்கினால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆட்காட்டி கத்தத் தொடங்கிவிட்டால் சுற்றியுள்ள எல்லாமே உஷாராகிவிடும், கொஞ்சம் விலகி உட்கார்வதே மேல்.

இன்னும் நல்ல முறை, போகாமல் இருப்பது. மீன்கொத்தி திரும்பத் திரும்ப அதே கிளைக்கு வரும். அது இல்லாத நேரத்தில் போய், ஒரு புதரின் நிழலில் உட்கார்ந்துகொண்டால் தானே வந்து உட்காரும். காரும் நல்ல மறைவிடம், காரைக் கண்டு ஒதுங்காத பறவைகள் ஆளைக் கண்டால் ஓடும்.

ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவும் கூடாது. பறவை அலகில் இரையை வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தால், அல்லது உங்கள் தலைக்குமேல் விடாமல் கத்தினால், கூடு பக்கத்தில் இருக்கிறது, குஞ்சுகள் பட்டினி. உடனே விலகுங்கள். கூட்டை மறைக்கும் இலையை ஒடிப்பதும், பதிவு செய்த குரலைப் போட்டுக் கூப்பிடுவதும் அந்தப் பறவையின் நாளைக் கெடுக்கும், சில நேரம் அந்தப் பருவத்தையே கெடுக்கும். எந்தப் படமும் அதற்கு ஈடாகாது.

சில்லறைத் தொல்லைகள்

தொடர்ந்து எடுக்கும்போது கேமரா நின்றுபோனால், கார்டில் எழுதும் முன் படங்களைத் தாங்கும் தற்காலிக நினைவகமான பஃபர் நிரம்பிவிட்டது. கார்டில் வி30 என்றால் நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட், வி60 என்றால் 60, வி90 என்றால் 90 எழுதும் என்று பொருள். வேகமான கார்டு உதவும், சிறுசிறு தொடர்களாக எடுக்கும் பழக்கம் அதைவிட உதவும். குளிர்ந்த அறையிலிருந்து ஈரக் காற்றுக்கு வந்ததும் லென்ஸ் பனித்தால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டாம், மூடிய பையிலேயே அரைமணி நேரம் விட்டு எடுங்கள். எல்லா வானத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் கறை இருந்தால் அது சென்சார் தூசு. எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்தால் தெளிவாகத் தெரியும். கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து, கையால் அமுக்கும் ஊதியால் ஊதுங்கள், வாயால் ஊதாதீர்கள்.

கணினியில் நன்றாக இருந்தது, இணையத்தில் ஏற்றியதும் மங்கிவிட்டது

பெரிய படத்தை அப்படியே ஏற்றினால் தளமே அதைச் சுருக்கி அமுக்கிவிடும். நீங்களே தேவையான அளவுக்குச் சுருக்கி, சுருக்கிய பிறகு லேசாகக் கூர்மை கூட்டி ஏற்றுங்கள். நிறம் வெளுத்திருந்தால் படம் அடோபி ஆர்.ஜி.பி. என்ற நிற முறையில் இருக்கலாம், இணையத்தில் வழக்கமான எஸ்.ஆர்.ஜி.பி.யாக மாற்றிச் சேமியுங்கள். அதே ஏற்றுமதிப் பக்கத்தில் இருப்பிட விவரத்தை நீக்கும் தேர்வும் இருக்கும். ஆந்தை அடையும் மரமோ, அரிய பறவையின் கூடோ படத்தில் இருந்தால் அதைக் கட்டாயம் நீக்கிவிட்டு, குறிப்பிலும் இடத்தின் பெயரைச் சொல்லாமல் ஏற்றுங்கள்.